மூக்கு அப்பாவுடையது, கண் அம்மாவுடையது: மரபுவழி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை பிறந்ததும் சுற்றி நிற்பவர்கள் முதலில் செய்யும் வேலை பங்கு பிரிப்பதுதான். நெற்றி தாத்தாவுடையது, காது அத்தையுடையது, பிடிவாதம் யாருடையது என்று பிறகு தெரியும். அந்தப் பேச்சில் அழகும் உண்டு, நிறையத் தவறும் உண்டு. மெண்டலைப் பற்றிப் படித்துத் தேர்வு எழுதியவர்கள்கூடப் பிள்ளை பெற்ற பிறகு இந்தக் கேள்விகளோடு திரும்பி வருகிறார்கள். சில கேள்விகள் வெறும் ஆர்வத்தில் வருபவை. சிலவற்றின் பின்னால் பெரிய வலி இருக்கிறது: "என்னால்தான் குழந்தைக்கு இப்படி ஆனதா?" அப்படிக் கேட்பவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு உண்மையில் என்ன வருகிறது?

மூக்கு வருவதில்லை. மூக்கை உருவாக்கும் வேலையில் பயன்படும் குறிப்புகள் வருகின்றன. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அப்பாவின் விந்தணுவும் அம்மாவின் கருமுட்டையும் ஒவ்வொரு செல்தான். அவற்றுக்குள் மூக்கும் இல்லை, நிறமும் இல்லை. எந்தப் புரதத்தை எப்படிக் கட்டுவது, எப்போது கட்டுவது, எப்போது நிறுத்துவது என்று வேதியியல் எழுத்துகளில் எழுதிய நீண்ட இழை மட்டும் இருக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்து உடல் தன்னைக் கட்டிக்கொள்கிறது. படிக்கும்போது சத்துணவு, வெப்பநிலை, நோய், தற்செயல் எல்லாம் குறுக்கே வரும்.

மரபணு, டிஎன்ஏ, குரோமோசோம் மூன்றும் ஒன்றா?

ஒன்றுக்குள் ஒன்று. டிஎன்ஏ என்பது அந்த இழை. அது நான்கு எழுத்துகளால் ஆனது. மனிதரின் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அந்த இழை துண்டு துண்டாகப் பிரிந்து, புரதங்களைச் சுற்றி இறுக்கமாகச் சுருண்டிருக்கும். ஒவ்வொரு சுருளும் ஒரு குரோமோசோம். இழையின் ஒரு பகுதி ஒரு குறிப்பிட்ட வேலைக்கான குறிப்பாக இருந்தால் அது மரபணு. புரதம் கட்டுவதற்கான மரபணுக்கள் மட்டும் மனிதருக்குச் சுமார் 20,000 உண்டு.

குரோமோசோம்கள் 46. அதாவது 23 ஜோடி, ஜோடியில் ஒன்று அப்பாவிடமிருந்து, மற்றொன்று அம்மாவிடமிருந்து. ஆக, பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு படிகளாக (நகல்களாக) இருக்கின்றன. இரண்டு படிகளிலும் எழுத்து ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல்கள் என்கிறோம். (மனிதருக்குக் குரோமோசோம் 48 என்றுதான் பல ஆண்டுகள் பாடம் நடந்தது. 46 என்று 1956-இல்தான் சரியாக எண்ணினார்கள். எண்ணிப் பார்ப்பதே அவ்வளவு கடினமான வேலையாக இருந்திருக்கிறது.)

ஒரே அப்பா, ஒரே அம்மா. பிறகு ஏன் பிள்ளைகள் வெவ்வேறு மாதிரி இருக்கிறார்கள்?

ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகக் குலுக்கல் நடப்பதால். விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது குன்றல் பகுப்பு என்ற செல்பிரிவு நடக்கிறது. 46 குரோமோசோம்கள் 23 ஆகின்றன. ஜோடியில் எது போகும், எது நிற்கும் என்பது நாணயம் சுண்டுவது போல. 23 ஜோடிக்கும் தனித்தனியாகச் சுண்டினால், ஒரு மனிதரால் உருவாக்கக்கூடிய சேர்க்கைகள் ஏறத்தாழ 84 லட்சம். அவருடைய துணைக்கும் அதே 84 லட்சம். இரண்டையும் பெருக்கினால் சுமார் 70 லட்சம் கோடி.

இதோடு முடியவில்லை. ஜோடிக் குரோமோசோம்கள் பிரிவதற்கு முன் ஒன்றோடொன்று ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. உங்கள் தாத்தாவின் குரோமோசோமும் பாட்டியின் குரோமோசோமும் உங்கள் அப்பாவின் உடலில் கலந்து, இதுவரை உலகில் இல்லாத ஒரு புதுக் குரோமோசோமாக உங்களுக்கு வந்திருக்கிறது. உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணுப் பொருளைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பார்கள். சராசரிதான் பாதி. உண்மையில் அது 40 விழுக்காட்டுக்கு அருகிலிருந்து 60 விழுக்காட்டுக்கு அருகில்வரை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குக் குலுக்கல் ஒரே ஒரு முறைதான் நடந்தது.

மெண்டல் பட்டாணிச் செடியை வைத்து அப்படி என்னதான் கண்டுபிடித்தார்?

அவருடைய பெருமை புரியவேண்டுமானால், அதற்கு முன் மக்கள் என்ன நினைத்தார்கள் என்று பார்க்கவேண்டும். இரண்டு வண்ணச் சாயங்களைக் கலப்பதுபோல அப்பாவின் பண்பும் அம்மாவின் பண்பும் கலந்துவிடும் என்றுதான் டார்வின் காலத்து அறிஞர்கள் பலரும் எண்ணினார்கள். இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கலந்த சாயத்தைத் திரும்பப் பிரிக்க முடியாது. அப்படியானால் சில தலைமுறைகளில் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடவேண்டும். பாட்டியின் சாயல் பேத்தியிடம் எப்படித் திரும்பி வந்தது?

கிரெகர் மெண்டல் இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரத்தில் ஒரு மடத்துத் துறவி. 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலப்பினம் செய்தார். ஏழு பண்புகளை எடுத்துக்கொண்டார்; எல்லாமே இது அல்லது அது என்று தெளிவாகப் பிரிபவை. தூய நெட்டைச் செடியையும் தூய குட்டைச் செடியையும் கலந்தார். பிறந்த செடிகள் அனைத்தும் நெட்டை. நடுத்தர உயரத்தில் ஒன்றுகூட இல்லை. குட்டை காணாமல் போய்விட்டதா? அந்தச் செடிகளைத் தமக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்ய விட்டார். அடுத்த தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை. குட்டை அப்படியே, தேய்மானமே இல்லாமல் திரும்பி வந்தது.

விதையின் வடிவத்திலும் இதே கதை: 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். விதையின் நிறத்தில்: 6,022 மஞ்சள், 2,001 பச்சை. எதை எடுத்தாலும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. இந்த எண்களைக் காணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். ஆயிரக்கணக்கான விதைகளை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்பது ஒரு பக்கம். செடியைப் பார்த்து எண்ணவேண்டும் என்று தோன்றியதே, அதுதான் பெரிது.

அவர் சொன்ன விளக்கம் இது. ஒவ்வொரு செடியிலும் ஒரு பண்புக்கு இரண்டு காரணிகள் உண்டு. இனச்செல் (விந்தணு, கருமுட்டை போன்றது) உருவாகும்போது அவை பிரிந்து ஒன்று மட்டும் போகும். நெட்டைக்கான காரணியை 'நெ' என்றும் குட்டைக்கானதை 'கு' என்றும் வைத்துக்கொள்வோம். முதல் கலப்பில் பிறந்த செடிகள் எல்லாம் நெ–கு. அவற்றுக்குள் சேர்க்கை நடந்தால் நான்கு வாய்ப்புகள்: நெ–நெ, நெ–கு, கு–நெ, கு–கு. முதல் மூன்றும் பார்க்க நெட்டை, கடைசி ஒன்று குட்டை. பார்க்க ஒன்றுபோல இருக்கும் அந்த மூன்றுக்குள்ளும் ஒன்றுதான் தூய நெட்டை. இதையும் மெண்டல் சும்மா விடவில்லை. உருண்டை விதைகளிலிருந்து வளர்ந்த 565 செடிகளைச் சோதித்தார். 193 செடிகள் உருண்டை விதை மட்டும் தந்தன. 372 செடிகள் இரண்டு வகையும் தந்தன. கணக்கு பொருந்திவிட்டது.

1865-இல் உள்ளூர் அறிவியல் சங்கத்தில் வாசித்தார், 1866-இல் அச்சானது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1884-இல் அவர் இறந்து, 1900-இல்தான் டி விரீஸ், காரென்ஸ், செர்மாக் என்ற தாவரவியலாளர்கள் வழியாக அந்தக் கட்டுரை மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. இன்று மரபணு என்று நாம் சொல்வதைத்தான் அவர் காரணி என்றார். டிஎன்ஏவின் அமைப்பு 1953-இல்தான் தெரியவந்தது என்பதை நினைத்தால், வெறும் எண்ணிக்கையை வைத்தே அவர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறார் என்று புரியும்.

ஓங்கு பண்பு என்றால் வலுவானது, நல்லது, அதிகம் பேரிடம் இருப்பது என்று அர்த்தமா?

மூன்றும் இல்லை. ஒரு படி இருந்தாலே வெளியே தெரிந்துவிடும் பண்பு ஓங்கு பண்பு. இரண்டு படியும் ஒன்றுபோல இருந்தால்தான் தெரியும் என்றால் ஒடுங்கு பண்பு. அவ்வளவுதான்.

மெண்டலின் சுருங்கிய பட்டாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். விதையில் மாவுச்சத்து கிளைவிட்டு உருவாக ஒரு நொதி (வேதிவினையை நடத்தும் புரதம்) வேண்டும். சுருக்க அல்லீலில் சுமார் 800 எழுத்துகள் இடையில் வந்து செருகிக்கொண்டதால் அந்த நொதி சரியாக உருவாவதில்லை. சர்க்கரை தேங்குகிறது, சர்க்கரையோடு நீரும் சேர்கிறது. விதை காயும்போது நீர் வெளியேறித் தோல் சுருங்குகிறது. ஒரே ஒரு நல்ல படி இருந்தால் போதும், விதை உருண்டையாக இருக்கத் தேவையான அளவு நொதி கிடைத்துவிடும். அதனால் உருண்டை ஓங்கு பண்பு. இங்கே ஓர் அல்லீல் மற்றதை அடக்கவும் இல்லை, வெல்லவும் இல்லை. ஓங்கு, ஒடுங்கு என்ற சொற்கள்தான் நம்மை அப்படி நினைக்க வைக்கின்றன.

எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய் ஓங்கு வகை, ஆனால் அரிது. ஓ இரத்த வகை ஒடுங்கு வகை, ஆனால் உலகெங்கும் மிகப் பரவலானது. ஓங்கு பண்பு காலப்போக்கில் எல்லோரிடமும் பரவிவிடாதா என்ற கேள்வி அறிஞர்களுக்கே வந்தது. கணிதவியலாளர் ஹார்டியும் ஜெர்மன் மருத்துவர் வைன்பெர்க்கும் 1908-இல் தனித்தனியே அதற்கு விடை தந்தார்கள். வெளியிலிருந்து எதுவும் தலையிடாவிட்டால் அல்லீல்களின் விகிதம் தலைமுறைதோறும் அப்படியே நிற்கும்.

நான்கில் ஒன்று என்றால், முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பித்துவிடுமா?

இல்லை. மருத்துவர் "நான்கில் ஒரு வாய்ப்பு" என்று சொன்னதைப் பலர் இப்படிப் புரிந்துகொண்டு முடிவெடுக்கிறார்கள். அதனால் அழுத்திச் சொல்கிறேன்: ஒவ்வொரு கருவுக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். முன் நடந்த குலுக்கலை அடுத்த குலுக்கல் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கதிர் அரிவாள் இரத்தசோகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில், குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வாலைன் வருகிறது. இரண்டு படியும் மாறியிருந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறையும்போது அரிவாள்போல வளைகின்றன. ஒரு படி மட்டும் மாறியவர் கடத்தி. பொதுவாக நலமாகவே இருப்பார். பெற்றோர் இருவரும் கடத்திகள் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, கடத்தியாக இருக்க நான்கில் இரண்டு, இரண்டும் இல்லாமல் இருக்க நான்கில் ஒன்று. தமக்கே தெரியாமல் கடத்தியாக இருந்தவர்களைக் குற்றவாளிபோல நடத்துவதில் எந்த நியாயமும் இல்லை. இந்த அல்லீல் இவ்வளவு பேரிடம் இருப்பதற்கே ஒரு காரணம் உண்டு: கடத்திகளுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது.

எல்லாப் பண்பும் மெண்டல் சொன்னபடிதான் வருமா?

இல்லை. அந்திமந்தாரையில் சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தால் இளஞ்சிவப்பு பூக்கிறது. இதைப் பார்த்துச் சாயக் கலப்புக் கருத்து சரிதான் போலிருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும். அடுத்த தலைமுறையில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு இளஞ்சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை என்று பிரிந்து வந்துவிடும். தோற்றம்தான் கலந்தது, காரணிகள் கலக்கவில்லை.

இரத்த வகையில் இன்னொரு விதம். ஏ, பி இரண்டும் ஒன்றாக வந்தால் இரண்டுமே தெரியும், அதுதான் ஏபி வகை.

பெற்றோர் இருவருக்கும் ஓ வகை, குழந்தைக்கு ஏ வகை. இது நடக்குமா?

வழக்கமான கணக்குப்படி நடக்காது. முதலில் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். முடிவு தவறாகப் பதிவாவது உண்டு. அப்புறம், பம்பாய் இரத்த வகை என்று ஒன்று இருக்கிறது. 1952-இல் மருத்துவர் பெண்டேயும் உடனிருந்தோரும் அதை விவரித்தார்கள். ஏ, பி அடையாளங்கள் ஹெச் என்ற அடித்தளப் பொருளின் மேல்தான் ஒட்டும். அந்த ஹெச் உருவாகாதவருக்கு ஏ மரபணு இருந்தாலும் சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே தெரியும். அவருடைய பிள்ளைக்கு மற்ற பெற்றோரிடமிருந்து ஹெச் கிடைத்தால் ஏ வெளிப்பட்டுவிடும். அரிதுதான். ஆனால் ஒரு காகிதத்தை வைத்து ஒரு பெண்ணைச் சந்தேகிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். பம்பாய் வகையினருக்குச் சாதாரண ஓ இரத்தம்கூட ஏற்றக்கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பிறப்பது ஆணா பெண்ணா என்பது யாரால்?

பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் எக்ஸ், ஒய் என்று இரண்டு வகை. கருமுட்டையில் எப்போதும் எக்ஸ்தான். விந்தணுக்களில் ஏறத்தாழ பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் கொண்ட விந்தணு சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். இது 1905-இல் அமெரிக்க உயிரியலாளர் நெட்டி ஸ்டீவன்ஸ் ஒரு வண்டினத்தில் கண்டறிந்த உண்மை. கருவை ஆணாக வளரத் தூண்டும் மரபணு ஒய் குரோமோசோமில் இருப்பது 1990-இல் அடையாளம் காணப்பட்டது. பெண் குழந்தை பெற்றாள் என்று ஒரு தாயைத் திட்டுவதற்கு உயிரியலில் துளி ஆதாரமும் கிடையாது. அதற்காகப் பழியைத் தந்தையின் மேல் நகர்த்தவும் வேண்டாம். எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை.

நிறக்குருடும் ஹீமோஃபிலியாவும் ஏன் ஆண்களுக்கு அதிகம்?

ஹீமோஃபிலியா என்றால் இரத்தம் எளிதில் உறையாத நோய். இதற்கும் நிறக்குருட்டுக்குமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பழுது இருந்தால் மற்றது பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆணுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. மாற்றுப்படி கிடையாது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு–பச்சை நிறக்குருடு உண்டு. பெண்களில் அரை விழுக்காடுதான்.

விக்டோரியா அரசி ஹீமோஃபிலியாவின் கடத்தி. அவர் மகன் லியோபோல்டுக்கு நோய் வந்தது. மகள்கள் வழியாக அது வேறு அரச குடும்பங்களுக்கும் போய், ரஷ்யப் பேரரசரின் மகன் அலெக்சியை எட்டியது. அலெக்சி விக்டோரியாவின் கொள்ளுப்பேரன். தந்தை மகனுக்கு எக்ஸ் தருவதில்லை என்பதால் இந்த வகை நோய் தந்தையிடமிருந்து மகனுக்கு நேரடியாக வராது. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஹீமோஃபிலியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான்.

நாக்கைச் சுருட்ட முடிவது ஒரே மரபணுவின் வேலை என்று படித்தோமே?

தவறாகப் படித்தோம். 1940-இல் அமெரிக்க மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் அப்படி எழுதினார். பிறகு, ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களிலேயே ஒருவர் சுருட்ட, மற்றவரால் முடியாமல் போவது தெரியவந்தது. அவரே தன் கருத்தைக் கைவிட்டார். ஒட்டிய காதுமடலும் இதே கதைதான். வகுப்பில் இதைச் செய்துகாட்டி "உன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முடியாது, உனக்கு எப்படி முடிகிறது?" என்று ஒரு பிள்ளையைக் கேட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

உயரம், தோலின் நிறம், அறிவுக்கூர்மை எல்லாம் மரபா, வளர்ப்பா?

இரண்டும். ஆனால் அந்தக் கேள்வியை இன்னும் கவனமாகக் கேட்கவேண்டும். உயரத்தோடு தொடர்புள்ள மரபு வேறுபாடுகள் 12,000-க்கும் மேல் என்று 50 லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்துச் செய்த ஆய்வு 2022-இல் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. தோலின் நிறத்திலும் பல மரபணுக்கள் சேர்கின்றன. அதனால்தான் பெற்றோர் இருவரையும்விடக் கறுப்பாகவோ வெளுப்பாகவோ ஒரு பிள்ளை பிறக்க முடிகிறது.

நல்ல சத்துணவு கிடைக்கும் மக்களிடையே உயரத்தின் மரபுப் பங்கு 80 விழுக்காடு என்று சொல்வார்கள். உங்கள் உயரத்தில் 80 விழுக்காடு மரபணு கொடுத்தது, மீதி சாப்பாடு கொடுத்தது என்று அதற்குப் பொருள் அல்ல. அந்த மக்களிடையே ஒருவருக்கொருவர் இருக்கும் உயர வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டால் வருகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஊட்டம் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தால் எண் ஏறும், சமமில்லாவிட்டால் இறங்கும். அறிவுக்கூர்மை பற்றிப் பேசும்போது இதை மறந்துவிட்டு "அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது" என்று சொல்வது பெரிய கொடுமை.

உடற்பயிற்சியால் வந்த தசை, விபத்தில் இழந்த விரல் பிள்ளைக்குப் போகுமா?

போகாது. வைஸ்மன் என்ற ஜெர்மன் அறிஞர் ஐந்து தலைமுறை எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். பிறந்த 901 குட்டிகளுக்கும் வால் இருந்தது.

மரபணுக் கோளாறு என்றாலே குடும்பத்தில் வழிவழியாக வந்ததுதானா?

இல்லை. ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத சில பத்துப் புதிய எழுத்து மாற்றங்களோடுதான் பிறக்கிறது. பெரும்பாலானவை எதையும் செய்வதில்லை. டவுன் நோய்க்குறியில் 21-ஆம் குரோமோசோம் மூன்று படிகளாக இருக்கும். பெரும்பாலும் அது இனச்செல் உருவாகும்போது ஜோடி சரியாகப் பிரியாததால் நேர்வது. மரபணு சம்பந்தப்பட்டது, ஆனால் பெரும்பாலும் பரம்பரையாக வந்தது இல்லை. தாயின் வயது கூடும்போது வாய்ப்பும் கூடுகிறது. தாய் செய்த எதனாலும் அது வருவதில்லை.

நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் என்ன ஆகும்?

ஏறக்குறைய எல்லோரிடமும் தீங்கான ஒடுங்கு அல்லீல்கள் சில இருக்கின்றன. ஒரு படிதான் என்பதால் தெரிவதில்லை. அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுப் பொருளைப் பகிர்கிறார்கள். ஒரே அல்லீல் இருவரிடமும் இருந்து, குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. பொதுவாக 100 பிறப்புகளில் 2 அல்லது 3 குழந்தைகளுக்குக் கடுமையான பிறவிக் குறைபாடு இருக்கும் என்றால், இவர்களுக்கு இன்னும் ஏறத்தாழ 2 அல்லது 3 சேரும். தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே நடந்தால் இதைவிடக் கூடும். எல்லாக் குழந்தைக்கும் வரும் என்று பயமுறுத்துவதும் தவறு, ஒன்றுமே ஆகாது என்பதும் தவறு.

மரபணுவில் நோய் இருந்தால் தலைவிதி அதுதானா?

சில நோய்களில், இன்றைய நிலையில், பெருமளவு அப்படித்தான். பலவற்றில் இல்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்று ஓர் ஒடுங்கு வகை நோய். ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் நொதி வேலை செய்யாது. அது இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்டுபிடிக்கும் முறை 1960-களில் வந்தது. முதல் சில வாரங்களிலேயே அந்த அமினோ அமிலம் குறைந்த உணவுக்கு மாற்றி, அதைத் தொடர்ந்தால், குழந்தை நன்றாக வளர்கிறது, படிக்கிறது. டிஎன்ஏவில் மாறியது எதுவும் இல்லை, மாறியது உணவுதான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு மரபு நோய் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் ஒன்று போடுங்கள். யாருக்கு என்ன நோய், எந்த வயதில் தெரிந்தது, யார் யாருக்கு உறவு, கருச்சிதைவு அல்லது சின்ன வயது இறப்பு உண்டா என்று இரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள், முடிந்தால் கருத்தரிக்கும் முன்பே. கடத்திப் பரிசோதனைக்குக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போங்கள். ஒடுங்கு வகை நோய் வர இரண்டு படிகள் வேண்டும். ஒன்று அவருடையது, ஒன்று இவருடையது.